நாற்பத்தொரு போத்தல் மீன்

2024 மார்ச் 11, திங்கள்

எனக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாது. நான் சொல்ல இந்த ஃபோன் எழுதுகிறது. போன கிறிஸ்மஸுக்குப் பேத்தி மெலிசா வாங்கித் தந்து, எந்த இடத்தை அமத்துவது என்றும் காட்டித் தந்தாள். வீட்டுப் பேச்சில் சொன்னால் தடுமாறுகிறது. கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரிச் சொன்னால் ஒழுங்காக எழுதுகிறது. எழுபது வருசமாகப் பூசை கேட்டவன் நான். வாசகத் தமிழ் வாயில் இருக்கிறது. எழுத்துத்தான் இல்லை.

இன்று காலை வழமைபோல் பிளாசாக் கடைகள் வரை நடந்தேன். கார்கள் விடுகிற இடத்தின் பின்பக்கம், நிலத்தில் பதித்த இரும்புக் கம்பித் தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். பனி ஓரங்களில் கறுத்துக் கிடக்கிறது.

நேற்று மத்தியானச் சாப்பாட்டில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மருமகன் றொய்சன் போன கோடையில் தான் பிடித்த மீனை ஃபோனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு சாண் மீன். பொறுக்கமுடியாமல் சொன்னேன்: “நான் பிடிச்ச மீன் மியூசியத்திலை இருக்கு.”

றொய்சன் கரண்டியைக் கீழே வைத்தான். “மாமா, உங்களையும் ஒரு போத்தலுக்கை விட்டு அங்கை வைக்கலாம். தீவான், அழிஞ்சுகொண்டு போற இனம் எண்டு எழுதி ஒட்டலாம்.”

நான் தீவுப்பக்கத்து ஆள் என்பதற்காக அந்தக் குத்து. எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் அன்ரனெற்றும் சிரித்தாள். மெலிசா மட்டும், “உண்மையா அம்மப்பா? நான் தேடிப் பாக்கிறன்” என்றாள்.

தேடட்டும். அப்போது தெரியும் ஆர் அழிஞ்ச இனம் என்று.

மார்ச் 12

மெலிசா தேடிப் பிடித்துவிட்டாள். மியூசியத்து மீன்களின் பதிவு முழுவதையும் இப்போது கம்பியூட்டரில் ஏற்றியிருக்கிறார்களாம், உலகத்தில் ஆரும் பார்க்கலாமாம். உறிஞ்சி மீன் என்று போட்டு, நான் சொன்ன திகதிகளை வைத்துத் தேடியதும் நாற்பத்தொரு பதிவு வந்தது. 1992இலிருந்து 2004 வரை. பதின்மூன்று சித்திரை. எல்லாம் என் மீன்.

உறிஞ்சி மீன் என்பது நான் வைத்த பேர். இங்கத்தை ஆட்கள் சக்கர் என்பார்கள். திரளி மீனின் உடம்பு, திருக்கையின் வாய். வாய் கீழே இருக்கும். கல்லில் படிந்ததை உறிஞ்சித் தின்னும். பனி கரைகிற காலத்தில் ஏரியிலிருந்து ஆறுகளுக்குள் முட்டையிட ஏறும்.

அவள் முதலாவதை இங்கிலிசில் வாசித்துத் தமிழில் சொன்னாள். “1992 மே 3. ஆண் நாலு, பெண் ரெண்டு. ஆற்று மீன். ஹைலண்ட் கிறீக், பாலத்துக்குக் கீழை. சேகரித்தவர் தில்லையம்பலம்.”

“அடுத்ததை வாசி” என்றேன்.

“சேகரித்தவர் தில்லையம்பலம்.”

“அடுத்தது.”

அவள் ஃபோனைக் கீழே வைத்தாள். “எல்லாத்திலையும் அந்தப் பேர்தான், அம்மப்பா. ஹூ இஸ் திஸ் கை?”

இடத்தையும் வாசித்தாள்தான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13

நாற்பத்தொன்று. ஒன்றில்கூட என் பேர் இல்லை.

மார்ச் 16

ஆர் அவர் என்று மெலிசா மறுபடி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இதற்கும் சொல்லி வைக்கிறேன்.

தில்லையம்பலம் மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவர். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து மியூசியத்தின் மீன் பகுதியில் உதவியாளர் வேலை எடுத்தார். வீடு வோபர்னில். 1991இல் நான் தனியே வந்து இறங்கியபோது, மனைவி மரியம்மாவும் மகளும் மன்னாரில் முகாமில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கு ஒரு கட்டுப் படிவம். எனக்கு எழுத்துத் தெரியாது. கோயிலில் ஒருத்தர் சொல்லி மாஸ்டரிடம் போனேன்.

“நான் நிரப்பித் தாறன். நீ என்ன வேலை செய்தனீ ஊரிலை?”

“வீச்சு வலை, ஐயா.”

அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என் கண்ணுக்குள் பார்க்கலாம். மியூசியத்துக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ஆற்று மீன் வேண்டும். பிடிக்க அனுமதிக் கடிதம் அவரிடம் இருந்தது. பிடிக்கத் தெரிந்த கைதான் இல்லை. அவருக்கு முழங்கால் வருத்தம், குளிர் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.

அப்படித்தான் தொடங்கியது. அவர் எனக்கு எழுதினார். நான் அவருக்குப் பிடித்தேன். உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலைக்கு லீவு கிடைக்கிற நாளில் பழைய கொறொலாக் காரில் தனியே போய் வலை வீசி, ஐஸ் பெட்டியில் மீனைக் கொண்டுபோய் வோபர்னில் அவருடைய கராஜில் வைப்பேன். அவர் கையுறை போட்டு மருந்துக்குள் விடுவார். திகதி கேட்பார், எத்தனை என்று கேட்பார், எங்கே என்று கேட்பார். சொல்லுவேன். சின்னக் கொப்பியில் எழுதுவார். 1993 ஆவணியில் மரியம்மாவும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகும் பதினொரு வருசம் நான் பிடித்துக் கொடுத்தேன். நன்றிக்காகக் கொடுத்தேன்.

“அவர் உங்கடை பேரைக் களவெடுத்திட்டார்” என்றாள் மெலிசா.

களவு என்று நான் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் காதுக்குள் நல்லாயிருந்தது.

மார்ச் 20

மெலிசா மிசிசாகாவில் தன் கந்தோரில் வேலையில் இருந்தபடியே மியூசியத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டாளாம். என் தாத்தாவின் பேர் வரவேண்டும் என்று.

றொய்சன் சொல்கிறான்: “மாமா, செத்த மீனுக்காகச் சண்டை பிடிக்கிற முதல் ஆள் நீங்கள்தான்.”

செத்தாலும் அது என் மீன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடுதான். சிலுவைப்பாதைக்குப் போய்வந்தேன். மன்னிக்கச் சொல்லிப் பிரசங்கம். எனக்கு வரவில்லை.

வரும் வழியில் கம்பித் தட்டடியில் நின்றேன். கீழே தண்ணீர் நல்லாக ஓடுகிறது.

ஏப்ரல் 5

மியூசியத்திலிருந்து ஒரு பிள்ளை ஃபோனில் பேசினாள். நிரூபா என்று பேர், நம்முடைய பிள்ளை. மெலிசாவின் கடிதத்தைப் பார்த்துத் தமிழ் தெரியும் என்பதால் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“ஐயா, எனக்கு விளங்குது. ஆனா பேரை மாத்திறதெண்டா ஏதாவது ப்ரூஃப் வேணும். எழுதி வைச்சிருக்கிறீங்களா?”

“எழுத்து இல்லை, பிள்ளை. கேளும். சொல்லுறன்.”

“சரி... 1997இலை எத்தினை தரம் பிடிச்சனீங்கள்?”

“மூண்டு. ஏப்ரல் 19 சனி. 27 ஞாயிறு. மே 4 ஞாயிறு. முதல் தரம் அஞ்சு மீன். ரெண்டாந்தரம் ஏழு. ஏழிலை ஒண்டுக்கு வலது கண் இல்லை, கொக்கு ஏதோ கொத்தினது. மூண்டாந்தரம் மழை. ரெண்டே ரெண்டு.”

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ பெட்டியை இழுத்துத் திறக்கிற சத்தம்.

“ஓ மை கோட். ரைற் ஐ மிஸ்ஸிங் எண்டு குறிப்பு இருக்கு ஐயா. உது ஒன்லைனிலை இல்லை. பழைய கார்டிலை மட்டும்தான் இருக்கு.”

ஒரு மணித்தியாலம் கேட்டாள். பதின்மூன்று வருசத்துக்கும் சொன்னேன். ஒன்றும் பிழைக்கவில்லை. இவ்வளவு நாளும் இந்த மண்டையைச் சுமந்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு பலன். முடிவில் அவள் கேட்டாள்: “பாலத்துக்குக் கீழை எந்தப் பக்கம் ஐயா? கிழக்கோ மேற்கோ?”

“கிழக்கு” என்றேன்.

ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

ஏப்ரல் 6

இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மரியம்மாவுக்கும் சொல்லாமலே அவளைப் புதைத்தேன்.

ஹைலண்ட் கிறீக்கில் நான் ஒரு மீனும் பிடிக்கவில்லை. நாற்பத்தொன்றில் ஒன்றுகூட அங்கே பட்டதில்லை. எல்லாம் இங்கே, பிக்கரிங்கில், பேரில்லாத ஒரு ஓடையில். அப்போது இது புல்வெளி. ஓடை முழங்கால் அளவு, அடியில் பருக்கைக்கல். உறிஞ்சி மீன் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஏறும்.

எங்கள் ஆட்களிடம் எங்கே மீன் பட்டது என்று கேட்டால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். எப்போது பட்டது, எவ்வளவு பட்டது என்று சொல்லலாம். இடம் மட்டும் சொல்லக்கூடாது. தெற்கே பட்டால் வடக்கே கைகாட்டுவோம். கேட்கிறவனுக்கும் அது தெரியும். அவன் தலையாட்டிவிட்டுப் போவான். அது பொய்யில் சேர்த்தியில்லை, மரியாதை. என்னைப் பெற்ற அப்பு சாகும்வரைக்கும் தன் அண்ணனுக்கே இடம் சொன்னதில்லை.

1992 மே 3 மாஸ்டர் கராஜில் நின்று “எங்கை பிடிச்சனீ?” என்று கேட்டபோது வாய் தானாகவே மற்றப் பக்கம் காட்டியது. அவர் வீட்டுக்குக் கிட்டின ஆற்றைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. எழுதினார்.

மறுமுறை திருத்தியிருக்கலாம். நினைத்தேன். ஆனால் இன்னொன்றும் நினைத்தேன். இடம் தெரிந்தால் இன்னொருத்தனை அனுப்புவார். என்னத்துக்கு நான்? அப்போது படிவம் பாதியில் நின்றது. மரியம்மா முகாமில். பிறகு அவள் வந்துவிட்டாள், ஆனால் ஒரே பொய்யை ஆறுதரம் சொன்னபிறகு ஏழாந்தரம் என்ன சொல்வது?

இரண்டு வருசத்துக்கு முன் அன்ரனெற்றும் றொய்சனும் இந்தப் புது வீட்டை வாங்கினார்கள். முதல்நாள் நடக்கப் போனேன். புல்வெளி இல்லை. ஓடை இல்லை. பிளாசா. கார் விடுகிற இடத்தில் ஒரு இரும்புக் கம்பித் தட்டு. குனிந்து காதைக் கொடுத்தேன். கீழே ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 17

வோபர்னுக்குப் போய் வந்தேன். பஸ்ஸின் எண் எனக்குத் தெரியும்.

மாஸ்டரின் மனைவி புனிதவதி அக்கா கதவைத் திறந்தா. “ஆர், அருளே? உயிரோடை இருக்கிறீரோ! சப்பாத்தை உள்ளுக்கை கழட்டும்.”

மாஸ்டருக்கு எண்பத்தாறு. மடியில் கம்பளி. பிடித்து நடக்கிற தள்ளுவண்டில் பக்கத்தில். கண் மட்டும் அப்படியே இருக்கிறது.

“வா அருள்நாயகம். மீன் கொண்டுவந்தனியோ?”

“கொண்டுவந்தது போதும், மாஸ்டர். ஒரு போத்தலிலும் என்ரை பேர் இல்லை.”

அவர் சிரித்தார். “உன்ரை பேரைப் போட்டா ஒவ்வொண்டுக்கும் நீ ஒப்பம் வைக்கோணும். பெருவிரல் அடிக்க அந்தப் படிவத்திலை இடம் விடேல்லை.”

“கேட்டிருந்தா பழகியிருப்பன்.”

“நாப்பத்தேழு வயதிலை?”

“மரியம்மாவைக் கூப்பிடேக்கை என்ரை கையைப் பிடிச்சு ஒரு கோடு கீறுவிச்சனீங்கள். அதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. மீனுக்கு அது காணாதோ?”

அவர் கம்பளியை இழுத்துவிட்டார். “உன்ரை குடும்பம் ஆரின்ரை எழுத்திலை வந்தது?”

“உங்கடை எழுத்திலை.”

“பிறகென்ன?”

“நீங்கள் ஒருநாளும் தண்ணிக்கை கால் வைக்கேல்லை, மாஸ்டர். கரைக்குக்கூட வரேல்லை. சேகரித்தவர் எண்டு போட்டிருக்கு.”

புனிதவதி அக்கா தேத்தண்ணியோடு வாசலில் நின்றா. மாஸ்டர் மெதுவாகத்தான் பேசினார்.

“ஓம், வரேல்லை. நீ சொன்னதை எழுதினன். திகதி நீ சொன்னது. எண்ணிக்கை நீ சொன்னது. இடம் நீ சொன்னது. ஒரு சொல்லு நான் கூட்டேல்லை, குறைக்கேல்லை. ஒரு நாள் போய்ச் சரி பாக்கேல்லை. உன்ரை வாயை அவ்வளவு நம்பினன். உதைவிட என்ன மரியாதை வேணும் உனக்கு?”

நான் எழும்பிவிட்டேன். தேத்தண்ணி குடிக்கவில்லை.

ஏப்ரல் 18

நம்பினாராம். ஆர் நம்பச் சொன்னது? இடம் கேட்டா இடம் சொல்லுவினமோ? விலங்கியல் படிச்ச மனுசனுக்கு இது தெரியாதே? எங்கடை சனத்தோடை ஒருநாள் கடற்கரையிலை நிண்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நிண்டாத்தானே. எங்கடை மீன் வேணும், எங்கடை கரை வேண்டாம்.

பொய்யைச் சொன்னவன் நான். அதையும் சேர்த்து எழுது.

மே 2, வியாழன்

மெலிசா லீவு போட்டு மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். சனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற பக்கம் இல்லை, பின்பக்கம். நீட்டு நீட்டாகத் தட்டுகள், எல்லாம் போத்தல். சாராய மணம். மீனுக்கு வந்த வாழ்வு, முப்பது வருசமாக அதிலேயே கிடக்கிறது.

நிரூபா ஒன்றை இறக்கி மேசையில் வைத்தாள். ஏழு மீன். நிறம் போய்ச் சுண்ணாம்பு மாதிரி. நான் போத்தலைத் திருப்பினேன். அவன் அடியில் கிடந்தான், வலது கண் இல்லாதவன். மரியம்மா போய் ஒன்பது வருசம், சில நாளில் அவள் முகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இவன் முகம் அப்படியே இருக்கிறது.

“ஐயா, இந்த நாற்பத்தொரு போத்தலும் இல்லாட்டி ஹைலண்ட் கிறீக்கிலை அந்தப் பதிமூண்டு வருசம் இந்த மீன் எப்பிடி இருந்ததெண்டு எங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேர் இதை வைச்சு ஆராய்ச்சி எழுதியிருக்கினம்.”

போத்தலிலிருந்து கையை எடுத்தேன். “பிக்கரிங் பக்கம், பிள்ளை?”

அவள் கம்பியூட்டரில் பார்த்தாள். “பெரிய ஆறுகளிலை இருக்கு. சின்ன ஓடையளிலை ஒண்டும் இல்லை.”

“இல்லையெண்டா?”

“ஒருத்தரும் பிடிச்சுக் கொண்டுவரேல்லை எண்டுதான் அர்த்தம். ஆனா கட்டிடம் வரேக்கை பதிவைத் தேடிப் பாக்கிறவை, இல்லையெண்டா மீனே இல்லை எண்டு எடுத்திடுவினம். உண்மையிலை அப்பிடி எடுக்கக்கூடாது ஐயா. ஒராள் போய் நிண்டு பாத்து, ஒண்டும் இல்லை எண்டு திகதி போட்டு எழுதினாத்தான் அது பதிவு.”

பிறகு ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். சேகரித்தவர் அருள்நாயகம் என்று திருத்தியாயிற்று. திகதியும் இடமும் சரி என்று நான் ஒப்பம் வைக்க வேண்டியதுதான் மிச்சம். கோடு கீறினாலும் போதும் என்றாள். மெலிசா ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்க ஆயத்தமானாள்.

பேனையை எடுத்தேன். வைத்தேன்.

“இண்டைக்குக் கை நடுங்குது, பிள்ளை.”

மே 3

மெலிசாவுக்குக் கோபம். போட்ட லீவு வீணாய்ப் போனதாம்.

கை நடுங்கவில்லை.

மே 9

இன்று அவளை நடக்கக் கூட்டிப்போனேன். கம்பித் தட்டடியில் நிறுத்தி, “குனிஞ்சு கேள்” என்றேன்.

“தண்ணிச் சத்தம். ஸோ?”

“இதுதான் இடம். நாற்பத்தொண்டும் இதுக்குக் கீழைதான்.”

முழுக்கச் சொன்னேன். அவள் பக்கத்துக் காரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். “வெயிற். ஒவ்வொரு நாளும் இதைப் பாக்கவா நடந்தனீங்கள்? நாங்கள் உங்களுக்குச் சுகர் எண்டு நினைச்சம்.”

“சுகரும் இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள். “அம்மப்பா, சொல்லாதேங்கோ. ப்ளீஸ். ஒரு கோடு கீறினா உங்கடை பேர் வருது. இந்த ஓடை இப்ப இல்லை. ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும். எனக்கு ஒண்டும் மறக்காது. அதுதான் கரைச்சல்.”

ஒரு கார்க்காரன் எங்களை விலகச் சொல்லி ஹோர்ன் அடித்தான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் நாங்கள் நின்றோம்.

மே 13

நிரூபாவுக்குச் சொல்லிவிட்டேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்: “நாற்பத்தொண்டுமா, ஐயா?”

“நாற்பத்தொண்டும்.”

“அந்த ஆராய்ச்சி ரெண்டும்...” என்று தொடங்கி விட்டுவிட்டாள். “அப்பிடி இடம் மாத்திச் சொன்னா ஊரிலை ஒருத்தரும் நம்பமாட்டினமா?”

“நம்பினா அவன் மீன்காரன் இல்லை.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மெலிசாவிடம் இடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்பச் சொன்னாள். தில்லையம்பலம் ஐயாவிடமும் விசாரிக்க வேண்டும் என்றாள். அவர் கரைக்கு வந்தாரா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ருசி இருந்தது. மறைக்கவில்லை.

யூன் 7

மாஸ்டர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

“சந்தோசமே இப்ப? மியூசியத்திலையிருந்து பேசினவை. முப்பது வருச வேலை. என்னைப் பொய்யனாக்கிப்போட்டாய்.”

“பொய் சொன்னது நான், மாஸ்டர்.”

“ஒப்பம் என்ரை! கரைக்குக்கூடப் போகாமல் ஒப்பம் வைச்சவன் எண்டு இனி உலகம் முழுக்க வாசிக்கும்.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது, மாஸ்டர்.”

வைத்துவிட்டார்.

முப்பத்திரண்டு வருசமாக அவருக்குச் சொல்ல ஒரு மறுமொழி தேடியிருப்பேன் போல. கிடைத்துவிட்டது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

யூலை 21

ஒன்றுமில்லை. வெயில். தட்டடியில் தண்ணீர் வற்றிவிட்டது.

செப்ரெம்பர் 24

திருத்திய பதிவு வந்துவிட்டது. மெலிசா சமையலறை மேசையில் வைத்து வாசித்தாள். எல்லோரும் நின்றார்கள்.

“1992 மே 3. ஆண் நாலு, பெண் ரெண்டு. பேரில்லாத ஓடை, பிக்கரிங், இப்போது நிலத்துக்குக் கீழே. சேகரித்தவர் அருள்நாயகம். பதப்படுத்தியவர் தில்லையம்பலம்.” நிறுத்தினாள்.

“இன்னும் இருக்கு. வாசி.”

“குறிப்பு. இடம் முதலில் பிழையாகத் தரப்பட்டது. பிழையான தகவலைத் தந்தவர் சேகரித்தவர்.”

“எல்லாத்திலையும் அப்பிடியோ?”

“நாற்பத்தொண்டிலையும்.”

றொய்சன் என் தோளில் தட்டினான். “பேரும் வந்திட்டுது மாமா, குற்றப்பத்திரிகையும் வந்திட்டுது.” அன்ரனெற் அவனை முறைத்தாள். நான்தான் சிரித்தேன்.

பேர் எது என்று கேட்டேன். மெலிசா விரலால் காட்டினாள். கோயில் நோட்டீசில் பார்க்கிற மாதிரிக் கறுப்பு எழுத்து. எழுபத்தொன்பது வயதில் அச்சில் ஏறியிருக்கிறேன். அதே பெட்டிக்குள் பொய்யன் என்றும் ஏறியிருக்கிறேன். எழுதியது சரிதான். ஒரு சொல்லும் அவர்கள் கூட்டவில்லை.

அந்த ஓடைக்கும் இப்போது நாற்பத்தொரு பதிவு இருக்கிறது. மூடி முடிந்தபிறகு.

2025 ஏப்ரல் 16

புனிதவதி அக்கா பேசினா. குரலைத் தாழ்த்திக்கொண்டு. “அவருக்கு அந்த இடத்தைப் பாக்கோணுமாம். கேக்க வெக்கப்படுறார். நான் கேட்டதெண்டு சொல்லிப்போடாதையும்.”

யோசிக்கிறேன் என்றேன். பத்து மாதம் ஒரு பேச்சுமில்லை, இப்போது இடம் வேண்டுமாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மெலிசா அவரை வோபர்னில் ஏற்றி வந்தாள். கம்பளித் தொப்பி, தடித்த கோட்டு, தள்ளுவண்டில். பிளாசாவில் இறக்கினோம். என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

“இதுவோ?”

“இதுதான்.”

“கார் விடுற இடம்.”

“அப்ப என்ரை கொறொலா மட்டும்தான் நிண்டது.”

எந்தப் பக்கத்தால் இறங்கினாய், எங்கே நின்று வீசினாய் என்று கேட்டார். காட்டினேன். என் சீவியத்தில் ஒரு மனிதனுக்கு மீன் பட்ட இடத்தைக் கைநீட்டிக் காட்டியது இதுதான் முதல்தரம். கை கொஞ்சம் கூசியது.

பிளாசாவுக்குப் பின்னால் குழாய் வாய் திறந்து, ஓடை ஒரு முப்பது அடிக்கு வெளியே வருகிறது. பிறகு றோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. மெலிசா ஒரு கை, நான் ஒரு கை பிடித்து அவரை அங்கே இறக்கினோம். பழைய பருக்கைக்கல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு பிளாஸ்ரிக் பை கல்லில் சிக்கி அசைந்துகொண்டிருந்தது. முக்கால் மணித்தியாலம் நின்றோம். ஒருத்தரும் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்தத் திகதிக்கு ஏறியிருக்க வேண்டும். ஒரு வால்கூட அடிக்கவில்லை.

அவர் இன்னும் கிட்டப் பார்க்க முன்னால் வைத்த கால் வழுக்கி, ஒரு சப்பாத்து தண்ணீருக்குள் போய்விட்டது. நான் இழுக்கப் போனேன். “விடு” என்றார். அப்படியே நின்றார்.

பிறகு கோட்டுக்குள்ளிருந்து சின்னக் கொப்பியை எடுத்தார். அதே மாதிரிக் கொப்பி.

“திகதி?”

“ஏப்ரல் 22. செவ்வாய்.”

“தண்ணி?”

குனிந்து கையை விட்டேன். “விறைக்கேல்லை. மீன் ஏறுற குளிர்தான்.”

“எத்தினை?”

“ஒண்டும் இல்லை, மாஸ்டர்.”

எழுதினார். எழுத்து கோணி இழுபட்டது, எனக்கே தெரிந்தது. எழுதி முடித்து, பேனையை என்னிடம் நீட்டினார். “உன்ரை கோட்டைக் கீறு.”

கீறினேன்.

மெலிசாவிடம் வாசிக்கச் சொன்னேன். பார்த்தவர்கள் என்று போட்டு, மேலே தில்லையம்பலம், கீழே அருள்நாயகம்.

“இதிலையும் உங்கடை பேர்தான் மேலையோ?” என்று கேட்டேன்.

“இந்தமுறை நானும் வந்தனான்” என்றார்.